பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மகராசனுக்கு

ஏலேய் பேராண்டி, வா. இப்படித் திண்ணையில ஒக்காரு. பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுட்டயாமே? ஊரே பேசிக்கிடுது. நல்ல காரியம். ஒம்பதாங்கிளாஸ் வரைக்கும் நீ தாக்குப்பிடிச்சதே பெரிய விசயம். இனிமே காலையில யாரும் தண்ணி தெளிச்சு எழுப்ப மாட்டாங்க. வீட்டுப்பாடம் கிடையாது. கணக்கு வாத்தியார் மூஞ்சியில முழிக்க வேண்டியதில்ல. ராச வாழ்க்கை.

ஒனக்குப் புத்தி சொல்லவா கூப்பிட்டேன்? இல்லப்பா. புத்தி சொல்லத்தான் இப்ப ஊருக்கு ஒம்பது பேர் மைக்கோட அலையுறானே. நான் இந்தக் கரிசக்காட்டுல எழுபத்தஞ்சு வருசம் வெயில் தின்னவன். பள்ளிக்கூடம் போனவனையும் பாத்திருக்கேன், போகாதவனையும் பாத்திருக்கேன். போறேன்னு சொல்லிட்டுக் கம்மாய்க்கரையில ஓணான் அடிச்சவனையும் பாத்திருக்கேன். அதனால சும்மா நாலு கேள்வி கேக்குறேன். தெரிஞ்சா பதில் சொல்லு. தெரியாட்டி இந்தா, கோவில்பட்டிக் கடலை மிட்டாய். தின்னுக்கிட்டே கேளு.

படிப்பு ஏறலன்னு ஒங்கம்மாகிட்டச் சொன்னயாம். ஏறலன்னு எப்படிக் கண்டுபிடிச்ச? செல்போன்ல நீ ஆடுற துப்பாக்கி ஆட்டத்துல எந்தத் துப்பாக்கிக்கு எத்தனை குண்டு, எந்த மூலையில எவன் பதுங்கியிருப்பான், அம்புட்டும் ஒனக்கு மனப்பாடம். ஐபிஎல்லுல எவன் எத்தனை கோடிக்கு ஏலம் போனான்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற. கோடிக்கு எத்தனை சைபர்னு அங்க தெரியுது, பரீட்சைத் தாளுல மட்டும் தெரியலையோ? மண்டையில எடம் நெறையக் கெடக்கு, ராசா. அத யாருக்குக் குடுத்திருக்கங்கறதுதான் கேள்வி.

அப்புறம், பில் கேட்ஸும் படிப்ப விட்டவருதானேன்னு எதிர்க்கேள்வி போட்டயாம். அடேங்கப்பா, பெரிய எடத்துச் சம்பந்தம்! அவரு எங்கருந்து நின்னாருன்னு விசாரிச்சயா? ஹார்வர்டுல இருந்து. 1973ல உள்ள போனவரு, 1975ல வெளிய வந்தாரு. அந்த வாசல மிதிக்கவே பள்ளிக்கூடத்த முழுசா முடிச்சு, பரீட்சையில சக்கைப்போடு போட்டிருக்கணும். நீ ஒம்பதாவது 'பி' செக்ஷன்ல இருந்து, அரைப்பரீட்சைக்கு மொத நாள் பைய வீட்டுலயே போட்டுட்டுப் போனவன். ரெண்டு பேரும் ஒரே கட்சியா? அந்தக் காலேஜும் அவர லேசுல விடல. 2007ல கூப்பிட்டு, டாக்டர் பட்டத்தக் கையில குடுத்துத்தான் அனுப்பிச்சுது. நம்ம ஊர் ஹெட்மாஸ்டர் ஒனக்கு டி.சி.யத் தவிர வேற எதையும் கூப்பிட்டுக் குடுப்பாருன்னு எனக்குத் தோணல.

சரி, வெளிநாட்டான் வேணாம். காமராசர் படிச்சாரான்னு ஒங்கப்பன் டீக்கடையில கேட்டானாம். நம்ம விருதுநகர்க்காரர் பேரச் சொன்னா கெழவன் வாய மூடிக்கிடுவான்னு நெனப்பு. ஆறாங்கிளாஸோட நின்னவருதான். வாஸ்தவம். சின்ன வயசுலயே அப்பனப் பறிகுடுத்துட்டு, மாமன் ஜவுளிக்கடையில போயி நின்னாரு. ஒங்கப்பன் நல்லாத் தெம்பா பெஞ்சுல ஒக்காந்து, பஜ்ஜி தின்னுக்கிட்டுல்ல இந்தக் கேள்வியக் கேட்டிருக்கான்!

1954ல முதலமைச்சராகி அந்த மனுசன் செஞ்ச சோலி என்ன? 'நான் படிக்காமலே இங்க வந்துட்டேன், நீங்களும் மாடு மேயிங்க'ன்னா சொன்னாரு? ஊர் ஊருக்குப் பள்ளிக்கூடம் தொறந்தாரு. வயித்தக் காயப்போட்டுக்கிட்டுப் பிள்ளைக எப்படிப் படிக்கும்னு மத்தியானச் சோறு போட்டாரு. 1956ல அந்தச் சோத்துத் திட்டத்த எங்க வந்து தொடங்கி வச்சாரு தெரியுமா? இங்கன இருக்க எட்டயபுரத்துல. நான் அந்தச் சோறு தின்னவன். குழம்புல பருப்பத் தேடித்தான் பிடிக்கணும். ஆனா சோறு சுடச்சுட இருக்கும். சோத்துக்குன்னு போன பயகூட நாலு எழுத்தக் கத்துக்கிட்டுத்தான் திரும்புனான். பள்ளிக்கூடத்த விட்ட மனுசன் பதவியில இருந்த காலம் பூராம் பள்ளிக்கூடமாத் தொறந்தாரே, அவருக்கு என்னமோ வெவரம் தெரிஞ்சிருக்குமில்ல?

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவும் அப்படித்தான். சின்னக் கிளாசுலயே பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவரு. பெரிய ஆளானதும் 1945ல பாலிடெக்னிக் ஆரம்பிக்க முன்னால நின்னாரு. இந்தப் பக்கம் இடைசெவல் எழுத்தாளர் கி.ரா.வும் பாதியில விட்டவருதான். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலியில ஒக்கார வச்சுது. அவரு வாசிச்ச புஸ்தகத்துல கால்வாசிய நீ வாசிச்சுட்டு வா, நானே மேளம் வச்சு ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன். வாசிப்பயா? ரெண்டு நிமிசத்துக்கு மேல ஓடுற வீடியோவே ஒனக்கு நீளமாத் தெரியுது.

பள்ளிக்கூடத்த விட்டுப் பேர் எடுத்தவன் நாலு பேர் இருக்கான். அந்த நாலு பேரத்தான் எல்லாரும் சொல்றான். விட்டுட்டு ஒண்ணுமில்லாமப் போனவன் பேர எவனும் எழுதி வைக்கல. கேட்டா நான் சொல்றேன். இந்தத் தெருவுல இருந்தே ஆரம்பிக்கலாம். வேணாம், அவன் பெஞ்சாதி வாசல்ல ஒக்காந்திருக்கா.

சம்பாதிக்கப் போறேங்கற. நல்லாச் சம்பாதி. கொத்தனார் பின்னால போனா சாயங்காலம் ஐந்நூறு, அறுநூறு கையில விழும். ஒங்கூடப் படிச்ச பய பதினொண்ணாவதுல ஒக்காந்துக்கிட்டு அப்பன்கிட்டப் பேனாவுக்குக் காசு கேக்கும்போது, நீ புரோட்டாக் கடையில பில்லு குடுப்ப. மொத மூணு வருசத்துக்கு நீதான் ஜெயிச்சவன். நான் மறுக்கல. அவன் காலேஜ் போகும்போதும் நீ அவனப் பாத்துச் சிரிக்கலாம். இருபத்தஞ்சு வயசுல ரெண்டு பேரும் சமமா வந்து நிப்பீங்க. முப்பத்தஞ்சுல போய்ப் பாரு. அவன் சம்பளம் வருசா வருசம் ஏறியிருக்கும். ஒன் கூலி ஊர்க்கூலியாவே நிக்கும். மழ பேஞ்சா அதுவும் இல்ல. இடுப்பு பிடிச்சா இல்ல. மணல் கிடைக்கலன்னு மேஸ்திரி வேலைய நிறுத்துனா இல்ல. லீவுச் சம்பளம், பி.எஃப்.ங்கறதெல்லாம் மத்தவன் பேசக் கேக்குறதோட சரி.

இதுக்கு நடுவுல பைக்கு வேணும். அப்பன் பேர்ல தவணை. லைசன்ஸுக்கு வயசு வரல, வண்டிக்கு மட்டும் வயசு வந்துருச்சு. பிடிச்சாம்னா அபராதம் அப்பன் தலையில 25 ஆயிரம், 2019ல சட்டத்த அப்படித் திருத்தி வச்சிருக்கான். தவணைக் கம்பெனிக்காரன் ஒரு கத்தைக் காயிதத்த நீட்டுனான். எல்லாம் இங்கிலீசு. பென்சிலால புள்ளி வச்ச எடத்துலல்லாம் ஒங்கப்பன் கையெழுத்துப் போட்டான். என்ன எழுதியிருக்குன்னு அவனுக்கும் தெரியாது, கூட நின்ன ஒனக்கும் தெரியாது. ரெண்டு தவணை தட்டுனா வண்டிய எவன் வந்து தூக்குவான், தூக்குன கூலிய யார் தலையில கட்டுவான், அம்புட்டும் அந்தக் காயிதத்துல இருக்கு. ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவாதும்பாங்க. கறிக்கு உதவாட்டிப் போகுது, காயிதம் வாசிக்கவாவது உதவுமா உதவாதா?

நம்ம பக்கத்துல எழுபது எண்பதுகள்ல தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பிள்ளைகள நீ பாத்ததில்ல. விடியறதுக்கு முந்தியே வண்டி வந்து ஊர் எல்லையில ஹாரன் அடிக்கும். அரைத்தூக்கத்துல தூக்குவாளியோட ஏறுங்க. எட்டு வயசு, ஒம்பது வயசு. பள்ளம் பள்ளமா வெட்டுன மரச்சட்டம். பள்ளத்துக்கு ஒரு குச்சி. அது நெறஞ்சா மேல இன்னொரு சட்டம், அதுலயும் குச்சி. இப்படிச் சட்டத்துக்கு மேல சட்டமா ஏத்தி இறுக்குனாத்தான் ஒரு கட்டை. கட்டைக்கு இம்புட்டுக் காசுன்னு கூலி. அந்தப் பிள்ளைக வெரலு குனிஞ்சு பாக்காமலே ஓடும். எங்க வளவுல ஒருத்தி இருந்தா. ஆபீசுலயே அவதான் வேகம். சாயங்காலம் எத்தனை கட்டை அடுக்குனோம்னு அவளுக்கு நல்லாத் தெரியும். கணக்குப்பிள்ள சிட்டையில எத்தனைன்னு எழுதுனாங்கறதுதான் தெரியாது. பன்னெண்டு அடுக்குனவளுக்கு அவன் பத்துன்னு எழுதுவான். சிட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, பத்திரமா மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிடுவா. இப்படி எத்தனை வருசம்னு நெனைக்க? அவ தம்பி மூணாங்கிளாஸ் வந்து, ஒருநாள் அந்தச் சிட்டைய வாசிச்சுச் சொல்ற வரைக்கும்.

மறுநாள் அந்தக் கணக்குப்பிள்ள மொகத்தப் பாத்திருக்கணும்! பன்னெண்டுக்குப் பன்னெண்டுன்னு எழுதுனான். பழசுக்கெல்லாம் ஒரு பைசா தரல.

இப்பச் சிட்டை கிடையாது, செல்போனு. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவனத்தான் அதுலயும் தேடிப் பிடிக்கிறான். 'சார், ஒங்க ஏடிஎம் கார்டு முடங்கிருச்சு, ஓடிபி சொல்லுங்க'ம்பான். மேல அதே மெசேஜுல 'யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு எழுதியிருக்கும். அத வாசிக்காம, கீழ இருக்க நம்பர மட்டும் வாசிச்சுச் சொல்லுவான் நம்ம ஆளு. படிச்சவனும் ஏமாறுறான், இல்லங்கல. அவன் பேராசையில ஏமாறுறான். வாசிக்கத் தெரியாதவன் நல்லவனா இருந்துக்கிட்டே ஏமாறுறான்.

ஒனக்குப் பதினஞ்சு நடக்குதா? பட்டாசு ஆபீஸ்ல தெரிஞ்ச ஆள் இருக்கு, சேத்துக்கிடுவாங்கன்னு சொன்னயாம். பதினாலு முடியாத பிள்ளைகள எங்கயும் வேலைக்கு வைக்கக் கூடாது, பதினெட்டு முடியாதவன வெடிமருந்து கிட்டவே விடக் கூடாதுன்னு 2016ல சட்டத்த இறுக்கியாச்சு. அப்ப ஒன்னய உள்ள விடுறவன் யாரு? சட்டத்த மதிக்காதவன். சட்டத்தையே மதிக்காதவன் ஒன் கூலிய மட்டும் மதிப்பானா? நாளைக்குக் கையில தீ பட்டா, இவன் இங்க வேலையே பாக்கலைன்னு சொல்றதுக்கு அவனுக்குச் சௌகரியம். ஒம் பேர்தான் எந்த நோட்டுலயும் இல்லையே.

உசிலம்பட்டிப் பக்கம் முறுக்குக் கம்பெனின்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கயா? இங்க இருந்து பயகளக் கூட்டிட்டுப் போயி வடக்க எங்கயோ ஒரு ஊர்ல அடைச்சு வச்சு முறுக்கு சுடச் சொல்றது. அப்பன் கையில முன்பணம். பய கையில எண்ணெய்க் கொப்புளம். மொழி தெரியாது, ஊர் பேர் தெரியாது. தப்பிச்சு ஓடுனாலும் ரயிலடி போர்டு வாசிக்கத் தெரியணும். அதிகாரிங்க மீட்டுக் கொண்டாந்த பயகளப் பத்திப் பேப்பர்ல அப்பப்ப வரும். நீ பேப்பர் வாசிக்கிறதில்லயே, ஒனக்கு எங்க தெரியப் போகுது?

அங்கெல்லாம் போகல தாத்தா, துபாய் போறேன்னு சொல்லுவ. போ, மகராசனாப் போ. அதுக்குப் பாஸ்போர்ட்டு வேணும். பத்தாவது பாஸ் பண்ணாதவன் பாஸ்போர்ட்டுக்கு ஈசிஆர்னு ஒரு முத்திரை உண்டு. வளைகுடா நாடுக, மலேசியான்னு மொத்தம் 18 நாட்டுக்கு வேலைக்குப் போகணும்னா, அந்த முத்திரைக்காரன் அரசாங்கத்துக்கிட்டத் தனியா அனுமதி வாங்கித்தான் விமானம் ஏறணும். 1983ல போட்ட சட்டம். ஏமாந்த சோணகிரியக் காப்பாத்தத்தான் அந்த ஏற்பாடு. தப்பு சொல்ல முடியாது. ஆனா ஏஜெண்டு இருக்கானே, அவனுக்கு அந்த முத்திரையக் கண்டா வாயெல்லாம் பல்லு. 'ஒனக்குச் சிக்கல் இருக்குப்பா, கொஞ்சம் செலவாகும்'பான். பத்தாவது பாஸானவன் அவன்கிட்டக் கேள்வி கேப்பான். நீ காச எண்ணி வைப்ப.

உள்ளூர்லயே இருக்கேம்பயா? இரு. தபாலாபீஸ்ல கிராமத் தபால் வேலைக்குப் பத்தாவது. போலீஸ்ல சேரப் பத்தாவது. கவர்மெண்டு பஸ்ஸ ஓட்டப் பத்தாவது. குரூப் ஃபோர் பரீட்சைக்குப் பத்தாவது. ஆபீஸ்ல மணியடிச்சா எந்திரிச்சு ஓடுற உதவியாளர் வேலைக்கே எட்டாவது. லாரி, வேனு ஓட்டுற லைசன்ஸுக்கு முந்தி எட்டாவது கேட்டான், 2019ல அத எடுத்துட்டான். சந்தோசம். ஆனா கம்பெனிக்காரன் கேக்குறத யார் எடுக்குறது? பத்தாவது பாஸா, பெயிலாங்கற கேள்விய நீ ஒரு தடவை பள்ளிக்கூட வாசல்ல கேட்டுட்டு முடிஞ்சுபோச்சுன்னு நெனைக்க. அத இனிமே ஒவ்வொரு ஜன்னல்லயும் ஒவ்வொருத்தன் கேப்பான். ஒன் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போற வீட்டுலயும் கேப்பாங்க. இப்பப் பொண்ணுங்க படிக்குதுக, தெரியும்ல? அதுக கேக்கும்.

பொண்ணுன்னதும் ஞாபகம் வருது. ஒன் தங்கச்சி எட்டாவது படிக்கா. 'அண்ணனே போகல, இவளுக்கு எதுக்கு'ன்னு ஒங்கப்பத்தா இப்பவே ஆரம்பிச்சுட்டா. நீ நின்னது ஒனக்கு மட்டும்னு நெனைச்சயா? மில்லு ஏஜெண்டு ரெண்டு தடவை வீட்டுப் பக்கம் வந்து காப்பி குடிச்சுட்டுப் போயிருக்கான். மூணு வருசம் மில்லுலயே தங்கி வேலை பாத்தா, மொத்தமா ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும்னு சொல்லுவான். சுமங்கலித் திட்டம்னு என்னா ஒரு மங்களகரமான பேரு! கேம்ப் கூலின்னும் சொல்லுவாங்க. நூல் தூசி நெஞ்சுல எறங்குனதும், ராத்திரி ஷிப்டுல நின்னதும், ரெண்டரை வருசத்துல ஒடம்பு முடியாமத் திரும்பி வந்தவளுக்கு அந்த மொத்தத் தொகை வராமப் போனதும் அந்தப் பேர்ல இல்ல. இல்லாட்டிப் பதினாறுலயே கட்டிக் குடுத்துருவாங்க. பதினெட்டுக்கு முந்திக் கட்டுனா குத்தம்னு 2006லயே சட்டம் போட்டாச்சு. பத்திரிகை அடிக்காம, குலதெய்வம் கோயில்ல வச்சுத் தாலி கட்டுறவனுக்குச் சட்டம் தெரியாமலா இருக்கு? பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை பேரு இருந்தா, ரெண்டு நாள் வரலன்னா டீச்சர் விசாரிக்கும். பேரே இல்லன்னா யார் விசாரிப்பா?

அரசாங்கம் இதுக்காக ஒரு தந்திரம் பண்ணுச்சு. கல்யாண உதவித்தொகையும் தாலிக்குத் தங்கமும் வேணும்னா பொண்ணு பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கணும்னு ஒரு நிபந்தனை. அந்தத் தொகைக்காகவே எத்தனையோ அப்பன்மாரு பொண்ணுங்கள இழுத்துப்பிடிச்சுப் பத்தாவது வரைக்கும் அனுப்புனான். எனக்கு அந்தத் தந்திரம் ரொம்பப் பிடிச்சிருந்தது. படிப்பு மேல ஆசை வராதவனுக்குத் தங்கத்து மேலயாவது ஆசை வருமில்ல? 2022ல அதப் புதுமைப் பெண் திட்டமா மாத்திட்டாங்க. அரசுப் பள்ளியில ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்சுட்டு மேல படிக்கப் போற பொண்ணுக்கு மாசம் ஆயிரம் ரூவா. பயகளுக்கும் 2024ல தமிழ்ப் புதல்வன்னு வந்துருச்சு. அந்த ஆயிரமும் ஒனக்கு இல்ல இப்ப. கூலி வேலை பாத்துக்கிட்டு அதுல எம்புட்டு நட்டம்னு நீயே போட்டுப் பாத்துக்க. கணக்குத்தான் ஏறலையே, விடு.

ஒன்ன மட்டும் திட்டுனா ஞாயமில்ல. ஒன்னய வெளிய தள்ளுனவனும் இருக்கான்ல. இங்க பக்கத்து டவுன்ல ஒரு பள்ளிக்கூடம். பேர் வேணாம். வருசா வருசம் ரிசல்ட்டு வந்த மறுநாளே பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல ஃப்ளெக்ஸ் ஏறிரும். 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி.' பிள்ளைக போட்டோ தீப்பெட்டி அளவுல, தாளாளர் போட்டோ ஆள் ஒசரத்துக்கு. நான் ஒரு வருசம் எண்ணிப் பாத்தேன். ஒம்பதாவதுல அறுபது பேரு. பத்தாவது எழுதுனது நாப்பத்திரெண்டு. நாப்பத்திரெண்டும் பாஸ். கணக்கு சரிதான், நூறு சதவீதம். மிச்சம் பதினெட்டு எங்க? அந்தப் பதினெட்டு வீட்டுலயும் ஹெட்மாஸ்டர் அப்பன ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தேன் ஒழுகப் பேசியிருக்காரு. 'ஒங்க பையனுக்கு இங்க கஷ்டமா இருக்கும். டி.சி.ய நீங்களே வாங்கிக்கிட்டா மரியாதையா இருக்கும்.' மரியாதைன்னதும் நம்மாளு உருகிப்போயி கையெழுத்துப் போட்டுட்டான். ஆஸ்பத்திரிக்காரன் நோவு முத்துனவனையெல்லாம் வாசலோட அனுப்பிட்டு, எங்ககிட்ட வந்தவன் எவனும் சாகலைன்னு போர்டு வச்சா அவன நீ என்னன்னு சொல்லுவ?

எட்டாவது வரைக்கும் யாரையும் பெயிலாக்காத, வெளியேத்தாதன்னு 2009ல ஒரு சட்டம் வந்துச்சு. ஆறு வயசுல இருந்து பதினாலு வரைக்கும் படிப்பு உரிமை. 2024 டிசம்பர்ல டெல்லிக்காரன் தன் பள்ளிக்கூடங்கள்ல அஞ்சுலயும் எட்டுலயும் நிறுத்தி வைக்கலாம்னு மாத்திட்டான். நம்ம ஊர்ல பழையபடி எட்டு வரைக்கும் பாஸ்தான்னு சொல்லியாச்சு. நல்லது. ஆனா பதினாலு முடிஞ்சதும் சட்டம் கைய விட்டுருது. எட்டு வருசமா வாசிக்க வராததக் கவனிக்காமலே தள்ளிவிட்ட பய, ஒம்பதாவதுல வந்து முட்டிக்கிட்டு நிக்கான். அங்கதான் ஒன் செட்டுப் பயக அம்புட்டுப் பேரும் கழண்டது. பாஸ் போட்டது தப்பில்ல. பாஸ் போட்டுட்டு, இவனுக்கு எழுத்துக்கூட்ட வருதான்னு ஒருத்தனும் பக்கத்துல ஒக்காந்து பாக்காததுதான் தப்பு.

இப்ப அதுக்கும் கம்ப்யூட்டர் வந்துருச்சு. எமிஸ்னு ஒண்ணு. எந்தப் பிள்ளை எங்க இருக்கு, ஒசரம் என்ன, எடை என்ன, ரத்த குரூப் என்ன, அம்புட்டையும் டீச்சர் அதுல ஏத்தணும். எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இல்லாத பிள்ளை பேரெல்லாம் 'காமன் பூல்'ங்கற எடத்துல கெடக்குமாம். பள்ளிக்கூடத்த விட்டவனத் தேடிப் போன மாசம் ஒரு டீச்சரம்மா நம்ம தெருவுக்கு வந்துச்சு. பாவம், நல்ல பிள்ளை. சிக்னல் கிடைக்காம தண்ணி டேங்குப் படியில ஏறி நின்னுக்கிட்டு, போன மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தவிக்குது. ஆப்பு சுத்திக்கிட்டே இருக்கு. அங்கன நின்ன ஒரு பய போன வாங்கி, என்னத்தயோ அமுக்கி, ரெண்டு நிமிசத்துல சரிபண்ணிக் குடுத்தான். யாருன்னு கேட்டா, அது தேடி வந்ததே அவனத்தான்! கண்டுபிடிச்சாச்சுன்னு பதிஞ்சுக்கிட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு அந்தம்மா போயிருச்சு. அடுத்த தெருவுல இன்னும் மூணு பேரத் தேடணுமாம். பாடம் எப்ப நடத்துவீங்கன்னு கேக்க வாயெடுத்தேன். அது மொகத்தப் பாத்துட்டுக் கேக்கல.

பேரு பதிவுல இருக்கறதும் பிள்ளை பெஞ்சுல இருக்கறதும் வேற வேற. 2023 மார்ச்சுல பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சை நடந்துச்சு. 50 ஆயிரம் பேருக்கு மேல வரல. மாநிலமே பதறிப்போச்சு. அந்த செட்டுப் பிள்ளைகதான் கொரோனாவுல பத்தாவது பரீட்சை எழுதாமலே பாஸானது. ஒண்ணரை வருசம் பள்ளிக்கூடம் பூட்டிக் கெடந்தப்ப எவனவனோ வேலைக்குப் போனான், எவளவளுக்கோ கல்யாணம் ஆச்சு. வராத பிள்ளை பேரும் நோட்டுல பத்திரமா இருந்துச்சு. ஹால் டிக்கெட்டுகூட அச்சாகி வந்துச்சு. எழுதத்தான் ஆள் இல்ல.

என்னடா, கைய நெளிக்க? கேட்டுப்புடு. 'பி.இ. படிச்சவனே சோத்துப் பொட்டலத்த முதுகுல தூக்கிட்டு பைக்குல அலையுறானே, படிச்சு என்னத்தக் கிழிச்சான்'னுதானே? இது நெசமான கேள்வி. இதுக்கு நான் மழுப்ப மாட்டேன். படிச்சவனுக்கு வேலை இல்லங்கறது உண்மை. காலேஜ்னு பேர் வச்சுக் காசு பிடுங்கிட்டு ஒண்ணும் சொல்லித் தராம அனுப்புன எடமும் உண்டு. அந்தக் கோவம் எனக்கும் இருக்கு. ஆனா ஒண்ணு கவனிச்சயா? அந்த பி.இ. பய பகல்ல பொட்டலம் தூக்குறான், ராத்திரி குரூப் ஃபோருக்குப் படிக்கான். இந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம். அவன் பாக்குற அதே வேலைய நீயும் பாக்கலாம், அதே கூலிதான். அப்ளிகேஷன் வந்தா அவன் நெறப்புவான். நீ மொத கட்டத்துலயே 'கல்வித் தகுதி'ங்கற எடத்துல பேனாவ வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்ப.

மிட்டாய் தீந்துருச்சா? சரி, சோலிய முடிப்போம். திங்கக்கிழமை பையத் தூக்கிக்கிட்டு நம்ம ஊர் அரசுப் பள்ளிக்கூடத்துக்கே போ. ஒம் பேரு அந்தக் காமன் பூல்ல கெடக்கும், தட்டுனா வந்துரும். வாசிக்க வரலன்னா ஹெட்மாஸ்டர்கிட்ட நேராச் சொல்லு, வெக்கப்படாத. வாசிக்க வராதவனுக்குத்தான் பள்ளிக்கூடம். ஒம்பதாவதுல ஒக்கார முடியவே முடியாதுன்னா, எட்டாவது பாஸ் சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு அரசு ஐ.டி.ஐ.க்குப் போ. வெல்டரு, வயர்மேனுக்கு எட்டாவது போதும், மாசம் 750 ரூவா உதவித்தொகையும் உண்டு. வேலைக்குப் போயே தீருவேன்னாலும் தனித்தேர்வரா பத்தாவது எழுத வழி இருக்கு. அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே பேர் பதியணும், அத மட்டும் கோட்டை விட்டுறாத. பரீட்சைக் காசு நான் தாரேன். ஒங்கப்பன்கிட்டச் சொல்லாத, பைக்குத் தவணைக்கு வாங்கிருவான்.

மார்க் ஷீட்டு கைக்கு வந்ததும் ஒம் பேரு, அப்பன் பேரு, பொறந்த தேதி மூணும் சரியா இருக்கான்னு அங்கனயே நின்னு வாசிச்சுப் பாத்து வாங்கு. பிழை இருந்தா அத மாத்த அலையுற அலைச்சல் பெரும் அலைச்சல்.